சென்னைப் புறநகரில் கார் நிறுத்தும் இடத்துடன் வாடகை வீடு எடுப்பவர் முன்பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மேடவாக்கம், தாம்பரம் பக்கம் வீடு பார்த்துவிட்டு, விளம்பரத்தில் இருந்த ‘கவர்டு கார் பார்க்கிங் உண்டு’ என்ற வரியை நம்பி முன்பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன், இரவு ஒன்பது மணிக்கு மேல், உங்கள் காரையே அங்கே ஓட்டிச் சென்று நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள்.

2022இல் மேடவாக்கத்தில் நாங்கள் வீடு பார்க்கச் சென்றது பகல் பதினொரு மணிக்கு. எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் தரைத்தளம் காலியாகக் கிடந்தது. உரிமையாளர் கையை நீட்டி, “அங்கே விட்டுக்கொள்ளுங்கள்” என்றார். குடிபுகுந்த அன்று மாலைதான், எட்டு வீடுகளுக்கு ஆறு இடங்களே உண்டு என்பதும், எங்கள் வீட்டுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை என்பதும், அவர் காட்டியது மூன்றாம் தளத்துக்காரரின் காருக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி என்பதும் தெரிந்தன. மூன்றாம் தளத்துக்காரர் தம் காரை எடுக்காமல் எங்கள் கார் வெளியே வராது.

என் தந்தைக்கு அப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். நான் மேலே போய்க் கதவைத் தட்டி, அந்த நல்ல மனிதர் தூக்கக் கலக்கத்தோடு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வரும்வரை, அப்பா ஒரு கையால் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார். டாக்ஸியில் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், சிகிச்சை முடிந்து இரத்த அழுத்தம் இறங்கிய ஒருவரைப் பின்இருக்கையில் படுக்கவைத்து அழைத்து வந்திருக்க மாட்டார்கள்.

உரிமையாளரிடம் வாதாட எனக்கு வழியில்லை. ஒப்பந்தத்தில் ‘வாகன நிறுத்த வசதி உண்டு’ என்று மட்டுமே இருந்தது. எத்தனை வாகனம், எந்த இடம் என்று ஒரு சொல்லும் இல்லை. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவன் நானே.

ஆகவே, அந்த வீட்டுக்கு இடம் ஒதுக்கியதற்கான பத்திரத்தையோ கடிதத்தையோ கேளுங்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். தூண் தளத்து இடங்களை, அதாவது கட்டடத்தைத் தாங்கும் தூண்களுக்கு இடையே கார் நிறுத்த விடப்படும் தரைத்தள இடங்களை, கட்டுநர் தனிச்சொத்தாக விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே ‘காசு கொடுத்து வாங்கியது’ என்ற வாய்ச்சொல் போதாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாத முன்பணத்தைக் கறாராகக் கேட்பவர்கள், கார் இடத்தின் எண்ணை எழுதச் சொன்னால் மட்டும் ‘நம்பிக்கைதானே’ என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தரைத்தளம் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பதினொரு மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்தோம். அடுத்த வீட்டில் முன்பணம் கொடுக்கும் முன் அளவு நாடாவோடு போனேன். இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் சரியாக இருந்தன. ‘நான்காம், ஐந்தாம் தூண்களுக்கு இடைப்பட்ட இடம்’ என்று எழுதச் சொன்னபோது, அந்த உரிமையாளர் மறுப்பேதும் சொல்லாமல் தம் கையாலேயே அதைச் சேர்த்தார்.