லடாக் பயணமும் எடை மேடையும்

அன்புள்ள சார்,

போன மாதம் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி (நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன ஜீப்) வாங்கினோம். ஜூலையில் நான், மனைவி, தம்பி, அப்பா (வயது 67) நால்வரும் அவிநாசியிலிருந்து கிளம்பி மணாலி வழியாக லே போவதாகத் திட்டம். கூரைக்கு டென்ட், முன்னால் இரும்பு பம்பர், அதில் ஒரு வின்ச் (சிக்கிய வண்டியை இரும்புக் கேபிளால் இழுக்கும் கருவி), பின்னால் பெட்ரோலுக்கு இரண்டு ஜெரிகேன், லைட் பார் எல்லாவற்றுக்கும் கோவையில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். இன்னும் என்னென்ன மாட்ட வேண்டும்? ஃபோர் வீல் டிரைவை எங்கிருந்து போட வேண்டும்?

எஸ்., அவிநாசி

அன்புள்ள எஸ்.,

இன்னும் என்ன மாட்டுவது என்று கேட்கிறீர்கள். எழுதியிருப்பதிலேயே பாதிக்கு மேல் வேண்டாம் என்பதுதான் என் பதில். காசுக்காகச் சொல்லவில்லை, எடைக்காகச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் வெறும் எடை சுமார் 1,210 கிலோ. ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து கம்பெனி அனுமதிக்கும் உச்ச எடை 1,545. இடையில் இருப்பது 335 கிலோ. நான்கு பேர், ஆளுக்கு எழுபது என்று வைத்தாலே 280 போய்விட்டது. மிச்சமுள்ள 55 கிலோவுக்குள் கம்பளி, தண்ணீர், ஜாக்கி, மருந்து, வீட்டில் கட்டிக்கொடுக்கும் முறுக்கு டப்பா எல்லாம் அடங்க வேண்டும். கூரை டென்ட் ஒன்றே ஐம்பது அறுபது கிலோ வரும். அதை மாட்டிவிட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக்கூட இடமில்லை.

போதாக்குறைக்கு அந்த எடை உட்காரப்போவது வண்டியின் உச்சந்தலையில். கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கும், ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மலைப்பாதையில் எதிரே ராணுவ லாரி வரிசையாக வரும்போது நீங்கள்தான் ஓரம் கட்ட வேண்டும். ஓரம் என்றால் பள்ளத்தாக்குப் பக்கம். இடதுபக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கும்போது, கூரையில் ஒன்றும் இல்லாத வண்டி லேசாகச் சாய்ந்து நிமிர்ந்துவிடும். டென்ட் சுமக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் சாயும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் எஞ்சின். ஜிம்னியில் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. நூறு குதிரைத்திறனுக்கு மேல் என்பதெல்லாம் நம் ஊர்க் கணக்கு. மணாலி-லே பாதையின் கணவாய்களில் பாரலாச்சா லா 4,890 மீட்டர் உயரம், தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்று குறைந்தால் எஞ்சின் சக்தியும் கிட்டத்தட்ட அதே கணக்கில் இறங்கும். சக்தி பாதியாகும் இடத்தில் நாம் சுமையைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறோம். கொண்டை ஊசி வளைவில் நின்று எடுக்கும்போது அரை கிளட்சில் வண்டி முனகும், கருகல் வாடை வரும். இறக்கத்தில் அதே எடை பிரேக்கைத் தின்னும். கியரில் பிடித்து இறங்காமல் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் பாதி மலையில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பக்கம் பஞ்சு லாரி, நூல் லாரி எடை போடும் எடை மேடைகள் நிறைய இருக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் டாங்கை நிரப்பி, எல்லாச் சாமானையும் ஏற்றி, நான்கு பேரும் உட்கார்ந்து வண்டியை ஒரு மேடையில் ஏற்றுங்கள். மேடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். சீட்டில் 1,545க்கு மேல் வந்தால் வீட்டுக்குப் போய் தார்ப்பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். எதைக் கழிப்பது என்ற சண்டையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஜூலையில் அந்தப் பாதை நெடுகக் கூடார விடுதிகளும் தாபாக்களும் இருக்கும். டென்ட் தானாகவே கழிந்துவிடும்.

இரும்பு பம்பர் வேறு விதத்தில் வம்பு. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அந்த மாதிரி இரும்புத் தடுப்புகளைத் தடை செய்துவிட்டது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கலாம். வின்ச்? மணாலி-லே பாதையில் தார்ச்சா என்ற ஊரைத் தாண்டிய பிறகு அதன் கேபிளைக் கட்ட மரத்துக்கு எங்கே போவீர்கள்? வண்டி சிக்கிக்கொண்டால் பின்னால் வரும் லாரிக்காரர்தான் இழுத்துவிடப் போகிறார். அவரிடம் கொடுக்க நல்ல இழுவைப் பட்டை ஒன்று வைத்திருங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், பஞ்சர் கிட், காற்றுமானி. இதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஜெரிகேன் ஒன்று தேவைதான். டாங்க் 40 லிட்டர். அதே பாதையில் கேலாங் ஊருக்கு முன்னால் டாண்டி பெட்ரோல் பங்கில், அடுத்த பெட்ரோல் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய பலகை ரொம்பப் பிரபலம், எல்லாரும் அதன் முன் நின்று படம் எடுப்பார்கள். மலையில் உங்கள் வண்டி லிட்டருக்குப் பத்து பதினொன்று கொடுத்தால் கணக்கு இழுபறியாக நிற்கும். கேனை அந்தத் துண்டுக்கு மட்டும் நிரப்பினால் போதும். அவிநாசியிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள், எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி. காய்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது. உங்கள் வண்டியில் அதைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் முடியாமல் முறுக்கேறி கியர்பாக்ஸில் போய் முடியும். பனியுருகி ரோட்டில் ஓடும் ஓடைகளில்தான் அதற்கு வேலை. தண்ணீருக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு சுழலும் நிலை) போட்டு, ஒரே கியரில் சீராகக் கடக்க வேண்டும். நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. வெயில் ஏற ஏறப் பனி உருகும், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கூடிவிடும். எனவே காலையிலேயே கடந்துவிடுங்கள். லீவரைப் போட்டு எடுத்துப் பழக இமயமலை வேண்டாம், ஊரிலேயே உழுது போட்ட காடு ஒன்று போதும்.

வழியை மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள். ஸ்ரீநகர் வழியாகப் போய், மணாலி வழியாகத் திரும்புங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். 2020ல் அடல் சுரங்கம் திறந்த பிறகு அங்கிருந்து ஒரே மூச்சில் மேலே போய்விட முடிகிறது, வினையே அதுதான். அப்படிப் போகிறவர்கள் முதல் ராத்திரியே 4,290 மீட்டரில் சார்ச்சுவில் படுத்து, தலைவலியும் வாந்தியுமாக விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஸ்ரீநகர் பக்கம் சோஜி லா 3,528 மீட்டர்தான், ராத்திரி தங்கும் கார்கில் 2,700கூட இல்லை. உடம்பு பழகிக்கொண்டே லே போய்ச் சேரும். அங்கேயும் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, ஒரு போனையாவது போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள்.

சேலத்தில் ஏறினால் ஜம்மு வரை 44ஆம் நெடுஞ்சாலைதான். நாக்பூரைத் தாண்டி பென்ச் காட்டில், கீழே புலியும் மானும் கடந்து போவதற்காக ரோட்டையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், பகலில் கடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 67 வயதுக்காரரைப் பின் சீட்டில் அத்தனை தூரம் உட்கார வைப்பானேன்? முதலில் அப்பாவை டாக்டரிடம் காட்டி, இந்த உயரத்துக்குப் போகலாமா என்று கேளுங்கள். சரி என்றால் கோவை வழியாகப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் தம்பியோடு ஜம்முவுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே ஏற்றிக்கொள்ளலாம். அதுவரை வண்டியில் 140 கிலோ குறையும், முறுக்கு டப்பாவும் தப்பிக்கும்.