கோசைன் 2 ஆகுமா?

வணக்கம் அக்கா,

மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை இரண்டாம் தடவை எடுக்கப்போகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கவேண்டும் என்று ஆசை. திரிகோணகணிதச் சமன்பாடுகளை இருபடிச் சமன்பாடாக்கித் தீர்க்கத் தெரியும், ஆனால் மனம் ஒப்பவில்லை. 2சைன்²தீற்றா + 3கோசைன் தீற்றா = 0 ஐச் செய்தால் கோசைன் −1/2 அல்லது 2 என்று வருகிறது. "2 பொருந்தாது, வெட்டிவிடு" என்கிறார்கள். சரியாகச் செய்த கணக்கில் பொருந்தாத விடை எப்படி வரும்? முறையே பிழையா? ரியூசனில் கேட்டேன், சோதனைக்கு இவ்வளவும் போதும் என்று விட்டார்கள்.

அன்புள்ள தங்கச்சி,

முறை பிழையில்லை. 2 என்ற விடையும் பிழையில்லை. அது வேறொரு கேள்வியின் விடை.

நீங்கள் செய்ததை மெதுவாகப் பாருங்கள். முதலில் சைன்²தீற்றாவுக்குப் பதிலாக 1 − கோசைன்²தீற்றா போட்டீர்கள். அது சர்வசமன்பாடு, எந்தக் கோணத்துக்கும் உண்மை. அங்கே எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்புறம் கோசைன் தீற்றாவை ய என்று எழுதினீர்கள்: 2ய² − 3ய − 2 = 0, அதாவது (2ய + 1)(ய − 2) = 0. ய ஒரு கோசைன் என்று உங்களுக்குத் தெரியும், சமன்பாட்டுக்குத் தெரியாது. அது ஏதோ ஒரு எண்ணைப் பற்றிக் கேட்டதாக எடுத்து, −1/2 உம் 2 உம் என்று சரியாகவே சொல்கிறது. ஆகவே ய என்று எழுதும் அதே வரியில் −1 ≤ ய ≤ 1 என்றும் எழுதுங்கள். கடைசியில் வெட்டுவதைவிட முதலிலேயே வேலியைப் போடுவது நல்லது.

12 அடி ஏணி ஒன்றைத் தென்னையில் சாத்துகிறீர்கள். மரத்தடியிலிருந்து ஏணிக் கால் இருக்கும் தூரத்தை 12 ஆல் வகுத்தால், ஏணி தரையோடு செய்யும் கோணத்தின் கோசைன் வரும். அது 2 ஆகவேண்டுமென்றால் கால் 24 அடி தள்ளி நிற்கவேண்டும். ஏணி மரத்தைத் தொடாது.

−1/2 இலிருந்து 120°, 240° கிடைக்கும். பொதுத் தீர்வு 360°ந ± 120°, ந ஒரு நிறைவெண். ஒரு படமும் கீறிப் பாருங்கள். கோசைனைக் கிடையாகவும் சைனை நிலைக்குத்தாகவும் எடுத்தால், தீற்றாவின் புள்ளி எப்போதும் அலகு வட்டத்தில் இருக்கும். உங்கள் சமன்பாடு, உற்பத்தியில் உச்சியை வைத்து இடப்பக்கம் திறந்த ஒரு பரவளைவு. இரண்டும் வெட்டுவது இரண்டே இடங்களில், இரண்டிலும் கிடைத்தூரம் −1/2. வலப்பக்கம் 2 இல் வட்டமும் இல்லை, பரவளைவும் இல்லை. (சிக்கலெண்களுக்குள் போனால் கோசைன் 2 ஆகலாம். அறிவியல் நகருக்குப் போனபின் அதைப் பாருங்கள்.)

பொருந்தாத விடை கூடி வருவதற்கு நான் அவ்வளவு பயப்படமாட்டேன். போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பொருந்தும் விடை காணாமல் போவதுதான் பொல்லாதது, கையில் இல்லாததை எப்படிப் போட்டுப் பார்ப்பது?

சைன் தீற்றா − கோசைன் தீற்றா = 1 ஐ எடுங்கள், 0° இலிருந்து 360° க்குள். அரைக்கோணப் பிரதியிடல் செய்து, தான்சன்(தீற்றா/2) ஐ ட என்போம். சைன் 2ட/(1 + ட²), கோசைன் (1 − ட²)/(1 + ட²). பெருக்கி எடுத்தால் 2ட − 1 + ட² = 1 + ட². ட² இரண்டு பக்கமும் அடிபட்டு ட = 1, தீற்றா = 90°. சரி, முடிந்தது என்று நினைப்போம். ஆனால் 180° ஐப் போட்டுப் பாருங்கள்: 0 − (−1) = 1. அதுவும் விடைதான்! தீற்றா 180° என்றால் அதன் அரைவாசி 90°, அங்கே தான்சன் வரையறுக்கப்படவில்லை. ட என்று எழுதிய கணத்திலேயே 180° ஐ வெளியே விட்டுவிட்டோம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. இந்தப் பிரதியிடலில் ட² முழுதாக அடிபட்டு, இருபடி ஒருபடியானால், 180° தப்பிவிட்டது என்று அர்த்தம்.

அதே சமன்பாட்டை வர்க்கித்துச் செய்தால் நேர்மாறு. சைனும் கோசைனும் பெருக்கி 0 என்று வரும், 0°, 90°, 180°, 270° நான்கும் கிடைக்கும். 0° இலும் 270° இலும் இடப்பக்கம் −1. வர்க்கித்தால் −1 உம் 1 ஆகிவிடுவதால் அவை உள்ளே வந்துவிட்டன. எனக்கு வர்க்கிக்கும் வழிதான் பிடிக்கும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும் என்றாலும்.

இன்னொன்று. 2சைன் தீற்றா கோசைன் தீற்றா = கோசைன் தீற்றா என்று வந்தால் கோசைனால் வகுக்கவே வேண்டாம். ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள். வகுத்தால் 30°, 150° மட்டும் மிஞ்சும், 90° உம் 270° உம் போய்விடும்.

இன்று இரவு இதைச் செய்து பாருங்கள்: கோசைன் 2தீற்றா + 3சைன் தீற்றா = 2. சைனில் ஓர் இருபடி வரும், மூலங்கள் 1/2 உம் 1 உம். வெட்டிப் பழகிய கையால் இதில் ஒன்றையும் வெட்டிவிடாதீர்கள், இரண்டும் பொருந்தும். 360° க்குள் விடைகள் மூன்று. ஏன் நான்கு இல்லை என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.