பழைய கேரவன் வண்டில கார்பரேட்டர எடுத்துட்டு இன்ஜெக்‌ஷன் போடலாமா: கேட்டதும் சொன்னதும்

சாரல் சீசன் வருதுல்லா, பழைய ஆம்னி, அம்பாசடர், ஜீப்பு இதுல எல்லாம் பின்னாடி கட்டிலும் அடுப்பும் வச்சு குடும்பத்தோட கிளம்புறவிய நெறைய பேரு ஒரே விஷயத்தத்தான் கேக்காவ, காத்தையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புற கார்பரேட்டர கழட்டி எறிஞ்சிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல பீச்சுற இன்ஜெக்‌ஷன் போட்டா தொல்லை தீருமான்னு. வண்ணார்பேட்டை பக்கம் பட்டறை வச்சு பெட்ரோல் வண்டி மட்டுமே பாக்குறவன் நான், தெரிஞ்சத சொல்லுதேன்.

தென்காசி: அண்ணாச்சி, 95 மாடல் ஆம்னி. ஐந்தருவி ரோட்டுல சீசன் டிராபிக்ல ஊந்து ஊந்து போனா வண்டி அப்படியே நின்னுருது. அரை மணி நேரம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. இன்ஜெக்‌ஷன் போட்டா சரியாயிருமா?

பதில்: தம்பி, ஆம்னில என்ஜின் எங்க இருக்கு, முன் சீட்டுக்கு அடில. வண்டி நவராம நிக்கும்போது அந்த சூடு வெளிய போக வழியே இல்ல. என்ஜின்ல இருக்குற பழைய மெக்கானிக்கல் பம்பு டேங்க்ல இருந்து பெட்ரோல உறிஞ்சுது, உறிஞ்சும்போது பைப்புக்குள்ள பிரஷர் கொறையுது, பிரஷர் கொறைஞ்சா பெட்ரோல் சீக்கிரமா கொதிச்சு ஆவியாயிரும், பம்பு அந்த ஆவியத்தான் தள்ளும், கார்பரேட்டர் பவுல் காலி. சூடு தணிஞ்சதும் மறுபடியும் பெட்ரோல் வந்துரும். இதத்தான் வேப்பர் லாக்குன்னு சொல்லுதோம். இன்ஜெக்‌ஷன்ல பம்பு டேங்க்குக்குள்ளயே பெட்ரோல்ல முங்கி இருக்கும், அங்க இருந்து மூணு பார் பிரஷர்ல தள்ளும், ரிட்டர்ன் பைப்பு உள்ள சிஸ்டமா இருந்தா செலவாவாத பெட்ரோல் சுத்தி திரும்ப டேங்க்குக்கே போயிரும், ஒரே இடத்துல நின்னு சூடாவாது. அதனால கேட்ட கேள்விக்கு பதில், ஆமா, சரியாவும்.

ஆனா அதுக்கு முன்னாடி வண்டி நிக்குற அந்த நேரத்துலயே கார்பரேட்டருக்கு வர்ற ஓஸ கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு செல்ப் அடிச்சு பாருங்க, சூட்டு சைலன்சர் பக்கம் சிந்தாம, பக்கத்துல யாரும் பீடி சிகரெட் பிடிக்காம பாத்துக்கிடணும். பெட்ரோல் நல்லா பீச்சி அடிச்சுதுன்னா கோளாறு பெரும்பாலும் பெட்ரோல்ல இல்ல, பிளக்குல ஸ்பார்க்கு அடிக்க வோல்டேஜ ஏத்துற காயில்ல இருக்கு. சூட்டுல காயில் செத்து, ஆறினதும் உசுரு வர்றதும் இதே மாதிரிதான் இருக்கும். ஸ்பார்க்கு கோளாற கார்பரேட்டர் தலைல கட்டுறது எல்லா ஊர்லயும் நடக்கு. ஒரு காயில் மாத்த வேண்டிய இடத்துல யாரும் மொத்த வண்டியையும் பிரிச்சுரக் கூடாது, அதுக்குத்தான் சொல்லுதேன்.

சங்கரன்கோவில்: இப்போ வர்ற இ20 பெட்ரோலுக்கு பழைய கார்பரேட்டர் ஒத்து வருமா? பிக்கப்பே இல்லண்ணே.

பதில்: அந்த கார்பரேட்டர்ல ஜெட், அதாவது பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை, போட்டது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமாரா 14.7 கிலோ காத்து வேணும், 20 சதவீதம் எத்தனால் கலந்தா சுமாரா 13.5 போதும். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு, அதான் காரணம். அப்போ பழைய ஜெட்டுல வர்ற பெட்ரோல் ஒரு எட்டு சதவீதம் பத்தாம போவுது, வண்டி லீனா, அதாவது காத்து கூடி பெட்ரோல் கொறைஞ்சு ஓடுது, கால வச்சா ஒரு நொடி யோசிக்கும், ஏத்தத்துல சூடாவும். மெயின் ஜெட் 100 நம்பர் இருந்துச்சுன்னா 105 போட்டு பிளக் கலர பாருங்க, பாதி பிரச்சின அங்கயே தீரும். இன்ஜெக்‌ஷன்ல சைலன்சர் பைப்புல இருக்குற ஆக்சிஜன் சென்சாரே பாத்து கூட்டிக்கிடும், எந்த பங்க்குல போட்டாலும் கவல இல்ல.

இன்னொண்ணு, இது ரெண்டுக்குமே பொதுவானது. பழைய ரப்பர் ஓசு, பம்பு டயாபிரம் எல்லாம் எத்தனால்ல ஊறி இளகிரும், இ20 தாங்குற ஓஸா மாத்திருங்க. எத்தனால் தண்ணிய இழுக்கும் வேற. கேரவன் வண்டிய வருஷத்துல முக்கால்வாசி நாள் நிறுத்திதான வைக்கிய, டேங்க் அடில தண்ணி தங்கி துரு பிடிக்கும், அந்த துரு கார்பரேட்டர்ல போனா கழட்டி ஊதிரலாம், பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டர்ல போனா செலவு. டேங்க கழுவாம இன்ஜெக்‌ஷன் வேலைய ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீய.

முக்கூடல்: எங்ககிட்ட மெட்டடார் இருக்கு, அதுக்கு கிட் கிடைக்குமா?

பதில்: உங்க மெட்டடார் டீசல் வண்டி. அதுல கார்பரேட்டரே கிடையாது, இன்ஜெக்‌ஷன் பம்பு மொதல்ல இருந்தே இருக்கு. பிக்கப் கொறைஞ்சா டீசல் பம்பு பாக்குறவர்ட்ட பம்பையும் நாசிலையும் காட்டுங்க.

அம்பாசமுத்திரம்: கார்பரேட்டர் ஆம்னிக்கு காயலாங்கடைல இருந்து எம்பிஎப்ஐ (கம்பெனியே இன்ஜெக்‌ஷன் வச்சு விட்ட) ஆம்னி சாமான வாங்கி மாட்டுறது நல்லதா, இல்ல தனியா ஈசியு (இன்ஜெக்‌ஷன நடத்துற கம்ப்யூட்டர்) வாங்கி போடுறது நல்லதா?

பதில்: ஆம்னின்னா கண்ண மூடிக்கிட்டு கம்பெனி சாமான்தான். எண்ணூறு சிசி மூணு சிலிண்டர், கார்பரேட்டர்லயும் வந்துச்சு, பின்னாடி எம்பிஎப்ஐலயும் வந்துச்சு. ஆனா ஒரே வண்டில இருந்து மொத்த செட்டையும் எடுக்கணும். காத்து உள்ள போற மேனிபோல்டு, காத்து வழிய தொறந்து மூடுற திராட்டில் பாடி, இன்ஜெக்டர், இசிஎம் (கம்பெனி ஈசியுதான்), ஒரு வயர் கூட வெட்டாத முழு ஒயரிங், ஸ்பார்க்குக்கு அந்த என்ஜின்ல என்ன இருந்துச்சோ அது, ஆக்சிஜன் சென்சார், பம்போட டேங்க். டேங்க மறந்துராதீய, கார்பரேட்டர் வண்டி டேங்க்ல பம்பு உக்கார வழி இல்ல. இசிஎம் ஒரு வண்டில, ஒயரிங் இன்னொரு வண்டிலன்னு சேத்தா பின்னு ஒத்து வராம மாசக்கணக்கா வண்டி பட்டறைலதான் நிக்கும். அந்த வண்டில வேற சாவிக்கு ஸ்டார்ட் ஆவாம தடுக்குற இம்மொபிலைசர் இருந்துச்சுன்னா அதோட பெட்டியும் சாவியும் சேத்து வாங்கிருங்க, இல்லன்னா இசிஎம் ஸ்டார்ட்டே பண்ண விடாது.

ஜீப்பு, அம்பாசடரு, பத்மினி மாதிரி வண்டிக்குத்தான் தனி ஈசியு தேவை. மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோன்னு வர்ற ஈசியு எல்லாம் நல்லாவே ஓடுது, ஆனா லேப்டாப்ப மடில வச்சுக்கிட்டு பக்கத்து சீட்டுல உக்காந்து டியூன் பண்ண பொறுமையான ஆளு வேணும். அந்த ஆளு உங்க ஊருக்கு எட்டுற தூரத்துல இருக்காரான்னு மொத பாருங்க, பெறவு பெட்டிய வாங்குங்க.

களக்காடு: அம்பாசடர் பெட்ரோல், 1489 சிசி. எவ்வளவு பெரிய இன்ஜெக்டர் போட? கடைல பெருசா போட்டா பவர் கூடும்னு சொல்லுதாவ.

பதில்: கூடாது. பெருசா போட்டா ஐடிலிங்ல நிக்காது, ஏன்னா ரொம்ப கொஞ்சமா விடணும்னு ஈசியு நினைச்சாலும் அந்த இன்ஜெக்டரால அவ்வளவு சின்ன துளியா விட முடியாது. கணக்கு லேசுதான். ஒரு எச்பிக்கு நிமிஷத்துக்கு சுமாரா 5 மில்லி பெட்ரோல் வேணும். உங்க என்ஜின 50 எச்பின்னு வச்சுக்கிட்டா 250 மில்லி, நாலு இன்ஜெக்டருக்கு பிரிச்சா 60 சொச்சம், இன்ஜெக்டர் முழு நேரமும் தொறந்தே இருக்கக் கூடாது, 80 சதவீதத்துக்குள்ள நிக்கணும், அப்போ 80 வருது, இ20க்கு இன்னும் ஒரு பத்து சதவீதம் போட்டா 90 மில்லி. நிமிஷத்துக்கு 100ல இருந்து 130 மில்லிக்குள்ள தேடுங்க, சின்ன கார் இன்ஜெக்டரே போதும்.

பாளையங்கோட்டை: அண்ணா, எங்க வீட்டுல ஆம்னிய கேரவன் மாதிரி பண்ணி வச்சிருக்காங்க, ரெண்டு பிள்ளைங்க பின்னாடி படுத்து தூங்கும், சின்ன கேஸ் அடுப்பும் இருக்கு. அவுக இன்ஜெக்‌ஷன் மாத்தணும்னு ஒத்த கால்ல நிக்காக. எனக்கு பயமா இருக்கு. இது ஆபத்து இல்லாத வேலையா?

பதில்: தங்கச்சி, நீங்க பயப்படுறது நியாயம், இந்த கேள்விய எல்லாருமே கேக்கணும். கார்பரேட்டர் வண்டில பெட்ரோல் பைப்புல பிரஷர் கால் பார் கூட சரியா இருக்காது, ஓசு கீறினா சொட்டும், வாட வரும், பாத்துக்கிடலாம். இன்ஜெக்‌ஷன்ல மூணு பார். அந்த ஓசு கீறினா சொட்டாது, பீச்சி அடிக்கும், ஆம்னில அது அடிக்கப் போறது சீட்டுக்கு கீழ சூடா இருக்குற சைலன்சர் மேனிபோல்டு மேல. பின்னாடி பிள்ளைங்க தூங்குது. அதனால வேலைய செய்யுறவர்ட்ட நீங்களே கேளுங்க, கூச்சமே படாதீங்க.

டேங்க்ல இருந்து என்ஜின் வர இரும்பு பைப்பு போட்டிருக்காரா, வெறும் ரப்பர் ஓசா? பைப்பு வண்டிக்கு அடில போவுதா? உள்ள ஒரு அடி கூட வரக் கூடாது. ஓசு வர்ற இடத்துல இன்ஜெக்‌ஷனுக்குன்னே வர்ற ஓசா, அதுக்குன்னே வர்ற கிளிப்பா? பழைய பல்லு கிளிப்பு அந்த பிரஷருக்கு ஓஸ வெட்டிரும். அப்புறம் இதான் பெருசு, சாவிய போட்டு ஸ்டார்ட் பண்ணாம விட்டா பம்பு சத்தம் ரெண்டு மூணு செகண்டுல நிக்கணும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னா பம்புக்கு நேரா கரண்ட் குடுத்திருக்காருன்னு அர்த்தம். ஒரு ஆக்சிடென்ட்ல என்ஜின் நின்னாலும் அந்த பம்பு பெட்ரோல ரோட்டுல ஊத்திக்கிட்டேதான் இருக்கும். அந்த வண்டிய எடுக்காதீங்க, திருப்பி விடுங்க. இடிச்சா பம்ப கட் பண்ணுற இனர்ஷியா சுவிட்சுன்னு ஒண்ணு உண்டு, அதையும் போடச் சொல்லுங்க.

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வ மூடியே வச்சிருங்க. கேஸும் பெட்ரோல் ஆவியும் காத்த விட கனம், தரையோட தரையா தங்கும், மேல ஜன்னல தொறந்து விட்டா மட்டும் போவாது. தீயணைப்பு சிலிண்டர் கதவு பக்கத்துல இருக்கட்டும், கட்டிலுக்கு அடில சாமானோட சாமானா கிடக்க வேண்டாம். இதெல்லாம் ஒழுங்கா இருந்துச்சுன்னா இன்ஜெக்‌ஷன் வண்டில பிள்ளைங்க நிம்மதியா தூங்கலாம். இல்லன்னா அந்த கார்பரேட்டரே இருக்கட்டும், அவுககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

டெக்சாஸ் (சொந்த ஊரு வீரவநல்லூர்): அண்ணாச்சி, இங்க 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம் ஒண்ணு வாங்கியிருக்கேன். 455 ஓல்ட்ஸ்மொபில் வி8, குவாட்ராஜெட் கார்பரேட்டர். வெயில்ல நிக்கு. இன்ஜெக்‌ஷன் கிட்டுல ஸ்னைப்பர் போடவா, பிடெக் போடவா?

பதில்: ஏழரை லிட்டர் என்ஜின்! நேர்ல பாக்க குடுத்து வைக்கல. வேப்பர் லாக்கு அந்த வண்டில நெறைய பேரு சொல்லுற கோளாறுதான். ஸ்னைப்பர், பிடெக் ரெண்டும் ஒரே வகை, கார்பரேட்டர் உக்காந்த இடத்துலயே திராட்டில் பாடிய உக்கார வைக்கிறது, ரெண்டுக்கும் 58 பிஎஸ்ஐ, அதாவது நாலு பார் பக்கம் பிரஷர் வேணும். குவாட்ராஜெட்ல முன்னாடி ஓட்டை சின்னது பின்னாடி ஓட்டை பெருசு, அதனால அதுக்குன்னே வர்ற மாடல வாங்குங்க, இல்லன்னா நடுவுல அடாப்டர் வைக்கணும்.

பெட்டிய விட முக்கியம் டேங்கு. உங்க வண்டில ரெண்டு டேங்கு, நடுவுல செலக்டர் வால்வு. இன்ஜெக்‌ஷன்ல ரிட்டர்ன் வருதுல்லா, அது எந்த டேங்க்ல இருந்து எடுத்தோமோ அந்த டேங்க்குக்கே போவணும். பழைய வால்வையே வச்சுக்கிட்டு ரிட்டர்ன ஏதாவது ஒரு டேங்க்ல சொருகினா, அதுல பெட்ரோல் ரொம்பி வழியும், இன்னொண்ணு காலியாவும். எடுக்குறதையும் திரும்புறதையும் சேத்து மாத்துற ஆறு வழி வால்வு அங்க கிடைக்கும். பம்ப வெளிய பிரேம்ல கட்டாம டேங்க்குக்குள்ள போட்டா வெயில் தொல்லை இல்ல. வீட்டு சாமானுக்கு ஒரு பேட்டரி, என்ஜினுக்கு ஒரு பேட்டரின்னு பிரிச்சு வச்சிருங்க, ராத்திரி பிரிட்ஜ் ஓடி வோல்டேஜ் விழுந்தா காலைல இன்ஜெக்டர் தொறக்குறதே லேட்டாவும்.

கடையநல்லூர்: கொடைக்கானல் ஏறும்போது கரும்புகையா தள்ளுது, கீழ நல்லா ஓடுது.

பதில்: கொடைக்கானல் 2100 மீட்டர் பக்கம். அங்க காத்து நம்ம ஊர விட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு லேசு. கார்பரேட்டர் அதுக்கு ஏத்தாப்புல பெட்ரோல கொறைக்காது, ஏறக்குறைய கீழ விட்டத விட்டுக்கிட்டே இருக்கும், அதான் புகை. இன்ஜெக்‌ஷன்ல மேப் சென்சார் காத்து பிரஷர அளந்து கொறைச்சிரும். மலைக்கு அடிக்கடி போறவியளுக்கு மாத்துறதுக்கு இத விட நல்ல காரணம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவைதான்னா ஏர் பில்டர மட்டும் புதுசா போட்டுட்டு போங்க.

வள்ளியூர்: மைலேஜ் டபுள் ஆவுமா?

பதில்: ஆவாது. நாலு வழிச்சாலைல ஒரே வேகத்துல போனா நல்லா செட் பண்ணின கார்பரேட்டருக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. டவுன்ல, ஏத்தத்துல, காலைல ஸ்டார்ட் பண்ணுறதுலதான் தெரியும்.

நாங்குநேரி: ஆர்டிஓல பிரச்சின வருமா?

பதில்: மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, ஆர்சில உள்ள விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு இருக்கு. என்ஜினயே மாத்தினா நம்பர் மாறும், முன்கூட்டியே அனுமதி வாங்காம செய்யாதீய. அதே என்ஜின்ல இன்ஜெக்‌ஷன் மட்டும் போடுறதா இருந்தாலும் வேலைக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர்ட்ட எழுதி குடுத்து கேட்டுருங்க, இன்சூரன்ஸ்லயும் சொல்லி வைங்க. எப்சி அன்னைக்கு போய் நின்னு பேசினா எடுபடாது.

திசையன்விளை: ஜீப்புக்கு மாத்தி முடிச்சாச்சு அண்ணே, ஸ்டார்ட் ஆவுது, ஆனா 2500 ஆர்பிஎம் தாண்டினா விட்டு விட்டு மிஸ்சிங். மெக்கானிக் ஈசியு போச்சுங்காரு.

பதில்: ஈசியு அவ்வளவு லேசுல போவாது, புதுசு வாங்கிராதீய. மொத எர்த்த பாருங்க. உங்க ஊரு உப்புக்காத்துல பாடி எர்த்து நிக்காது, ஈசியு எர்த்த பாடில கொடுக்காம தனி வயரு இழுத்து என்ஜின் பிளாக்லயோ பேட்டரி நெகட்டிவ்லயோ கொடுங்க. ரெண்டாவது, என்ஜின் சுத்துறத பல்லு சக்கரத்துல எண்ணுற கிராங்க் சென்சார் வயரு பிளக் வயர் பக்கத்துல போவுதா பாருங்க, ஸ்பார்க்கோட மின் தொந்தரவு அந்த வயர்ல ஏறி ஈசியு பல்லு எண்ணிக்கைய தப்பா எண்ணும், அப்போ நீங்க சொன்ன மாதிரியேதான் விட்டு விட்டு அடிக்கும். அந்த வயர ஷீல்டு வயரா (மேல கம்பி வலை சுத்தினது) மாத்தி தள்ளி கட்டுங்க, ஷீல்ட ஒரு முனைல மட்டும் எர்த் பண்ணுங்க. பிளக்கு ரெசிஸ்டர் பிளக்கா இருக்கணும், பழைய சாதா பிளக்க அப்படியே விட்டிருப்பாரு, பாருங்க. மூணாவது, ஓடிக்கிட்டு இருக்கும்போது பேட்டரில மீட்டர் வைங்க, 13.5 வோல்டுக்கு மேல நிக்கணும், பழைய டைனமோ இன்னும் இருந்துச்சுன்னா பம்பு, இன்ஜெக்டர், லைட்டு எல்லாத்தையும் அது தாங்காது, ஆல்டர்னேட்டர் போட்டே ஆவணும். இவ்வளவும் பாத்துட்டு அப்பவும் அடிச்சுதுன்னா ஈசியு பதிஞ்சு வைக்கிற லாக் பைல எடுத்து அனுப்புங்க, பாத்து சொல்லுதேன்.