வாய்தா கேட்கலாம், வாபஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: மாடுலர் கிச்சன் செய்து கொடுத்த நிறுவனத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தர இறங்கி வந்திருக்கிறார்கள். தலைமை அலுவலகம் கையெழுத்துப் போட மூன்று வாரம் ஆகுமாம். விசாரணையோ அடுத்த வாரம். அவகாசம் கிடைக்குமா?

பதில்: கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. தகுந்த காரணம் இல்லாமல் வாய்தா கொடுக்கக் கூடாது, கொடுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38வது பிரிவு. ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று மொட்டையாகச் சொன்னால் எடுபடாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோ, அதாவது ஆணையத்துக்கு எழுதும் குறிப்பு, போடுங்கள். என்ன வேலை பாக்கி, எந்தத் தேதிக்குள் முடியும், முடியாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆனால் தொகையை அதில் எழுதாதீர்கள். பேச்சு முறிந்தால், ‘இவ்வளவுக்கே சம்மதித்தவர்தானே’ என்று அதையே உங்கள் மேல் திருப்புவார்கள். கையெழுத்திட எதிர்த்தரப்பு மழுப்பினால் சமரசத்தின் லட்சணம் அப்போதே தெரிந்துவிடும். மெமோ கொடுத்தாயிற்றே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கு யாரும் ஆஜராகாவிட்டால், நீங்கள் இல்லாமலே வழக்கு முடிந்துபோகலாம்.

கேள்வி: சிறு வியாபாரி நான். என் மீது வாடிக்கையாளர் புகார். ராஜியாகப் போகிறோம் என்பதால் பதில் மனு போடவில்லை. தப்பா?

பதில்: தப்புதான். பதில் மனு போட 30 நாள், ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவை இன்றே தாக்கல் செய்யுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கிய மாதமே பழுது. ஒன்றரை வருடமாக ‘செட்டில் பண்ணிடலாம் சார்’ என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். இன்னும் பொறுக்கலாமா?

பதில்: எதற்கு? வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. அவர்கள் அனுப்பும் கும்பிடு பொம்மைக்காக அது நிற்காது. என் பரணில் தூங்கும் வாக்குவம் கிளீனரின் வாரன்டியும் இப்படி ‘அடுத்த வாரம் சார்’ கேட்டே கரைந்தது. இந்த மாதமே வழக்குப் போடுங்கள். அப்புறம் பேசுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வாங்கிய காது கேட்கும் கருவி வேலை செய்யவில்லை. வழக்கை வாபஸ் வாங்கினால் பணம் என்றார்கள். பின்தேதியிட்ட காசோலையை நம்பி அம்மா கையெழுத்துப் போட்டார். காசோலை திரும்பிவிட்டது.

பதில்: அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். வயதானவரின் கையில் ஒரு காசோலையைத் திணித்து, மறு கையால் வாபஸ் மெமோவை நீட்டுவது பழகிப்போன தந்திரம். எனக்கு வரும் கடிதங்களில் என் ரத்தத்தைக் கொதிக்க வைப்பது இதுதான். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அது அவர்களுக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். வாபஸ் உத்தரவு ஆகிவிட்டதா என்று வக்கீலிடம் உடனே கேளுங்கள். ஆகாவிட்டால் நடந்ததைச் சொல்லி ஆட்சேபணை போடலாம்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பணம் கணக்கில் ஏறும்வரை வாபஸ் என்ற பேச்சே வேண்டாம். அவர்களுக்கு அவகாசம் வேண்டுமா, ஆணையத்தில் கேட்கட்டும். சமரசம் முடிந்தால் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்து, அதன்படியே உத்தரவு போடச் சொல்லுங்கள். உத்தரவு இருந்தால் அதை மீறுகிறவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று நுகர்வோர் சட்டத்தின் 72வது பிரிவு இருக்கிறது. வாபஸ் வாங்கிய வழக்கில் அந்தப் பிடி கிடையாது.

கேள்வி: சமரசப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். பணத்துக்குப் பதில் கூப்பன் என்று இருக்கிறது. மாற்ற முடியுமா?

பதில்: ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நிரூபிக்க முடிந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். படிக்கச் சோம்பல்பட்டதுதான் காரணம் என்றால், கூப்பன் காலாவதியாகும் முன் எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.