மஞ்சள் குமிழும் நான்கு பேரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அப்பா சென்ற ஆண்டு காலமானார். 1961இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான செம்பவாங் நேவல் பேஸில் டிரைவராகச் சேர்ந்து, 1971இல் பிரிட்டிஷார் கிளம்பும்வரை வண்டி ஓட்டியவர். அவருடைய பிஸ்கட் டின்னில் ஒரு லேண்ட் ரோவர் வண்டியின் பேட்ஜ், ஒரு மஞ்சள் குமிழ், சில படங்கள் இருந்தன. ஒரு படத்தில் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் வண்டி முன்னால் நிற்கிறார்கள். பேட்ஜை மட்டும் 120 வெள்ளிக்கு ஒருவர் கேட்கிறார். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் இடமும் குறைவு. விற்றுவிடலாமா? வைத்துக்கொள்வதென்றால் பாலிஷ் போடலாமா? படத்தை வைத்து வண்டி எந்த வருடத்தது என்று சொல்ல முடியுமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்., ஈசூன்

அன்புள்ள எஸ்.,

பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது அலுமினியத் தகடு. பள்ளத்தில் இருக்கும் பச்சைப் பெயின்ட் அறுபது வருட வெயிலுக்குத் தப்பியது, பத்து நிமிடத் தேய்ப்புக்குத் தப்பாது. உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் தட்டினால் போதும்.

வண்டிக்கு வருவோம். விளக்குகளைப் பாருங்கள். இரண்டும் நடுவில், முகப்பு வலையை ஒட்டி இருக்கின்றன. அறுபதுகளின் கடைசியில்தான் அவை இரு பக்க மட்கார்டுகளுக்கு இடம் மாறின. அப்புறம் பக்கவாட்டுத் தகடு. 1948இல் வந்த முதல் வண்டிகளில் அது பலகைபோல நேராக இறங்கும். உங்கள் படத்தில் மேல்பக்கம் லேசாக வெளியே வளைந்திருக்கிறது. அந்த வளைவு 1958இல் வந்த இரண்டாம் வரிசையிலிருந்துதான். வண்டி எண்ணின் நடுவில் ஆர்.என்., அதாவது ராயல் நேவி, என்ற எழுத்துகள் தெரிகின்றன, எனவே கடற்படை வண்டி. அப்பா சேர்ந்த வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால், படம் 1961இலோ அதற்குப் பிறகோ எடுத்தது. வண்டி 1958க்கும் அறுபதுகளின் கடைசிக்கும் இடையில் செய்யப்பட்டது.

அந்த மஞ்சள் குமிழ்தான் என்னை நிறுத்தி வைத்துவிட்டது. கியருக்குப் பக்கத்தில் இருக்கும் தண்டின் தலை அது. கீழே அமுக்கினால் முன்சக்கரங்களுக்கும் இழுவை கிடைக்கும். பக்கத்தில் சிவப்புத் தலை கொண்ட இன்னொரு தண்டு உண்டு; சேற்றிலும் செங்குத்து மேட்டிலும் மெதுவாக ஏற அது. உங்கள் குமிழின் உச்சியில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் மங்கி, கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கிறதே, அது உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அப்பாவுடைய கையாகவும் இருக்கலாம்.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்படுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, அங்கே இந்த வண்டியின் கையேடு ஒன்றை வாங்கினேன். அட்டை இல்லை, ஓரமெல்லாம் கிரீஸ். அந்தத் தண்டுகளின் படம் இருந்த பக்கத்தில் யாரோ பென்சிலால், தமிழில், "மஞ்சள் அமுக்கினால் நாலு சக்கரம். மேடு ஏற சிவப்பு" என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அரைப் பக்கம் சொன்னதை ஏழே வார்த்தையில் முடித்திருக்கிறார். யார் அவர்? கண்டுபிடிக்கவே முடியவில்லை. பெயர் எழுதாமல் விட்டுவிட்டார்.

1955இல் லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் தரைவழியாகக் கிளம்பி, 1956 மார்ச்சில் நம் சிங்கப்பூரை வந்தடைந்தார்கள். அதில் ஒரு வண்டியின் எண் எஸ்.என்.எக்ஸ். 891. அதைப் பழுதுபார்த்து, 2019இல் இங்கிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். ஆனால் அதே வண்டிகளை இந்தத் தீவில் தினம் ஓட்டியவர்களை, வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்தவர்களைக் கேட்டால் நான்கு பெயர் சொல்ல எனக்கு முடியாது. அவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அதனால் பேட்ஜைத் தனியாக விற்காதீர்கள். அதேபோன்ற பேட்ஜ் வேண்டுமென்றால் இன்றைக்கும் தேடி வாங்கலாம். ஆனால் பேட்ஜ், குமிழ், படம், ஓட்டியவரின் பெயர் நான்கும் ஒரே டின்னில் இருப்பது அபூர்வம். இடம் பெரிதாக வேண்டாம், ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். படங்களை மட்டும் ஒட்டும் ஆல்பத்தில் வைத்துவிடாதீர்கள். அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். அமிலமில்லாத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, நம் ஊர் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள். பின்பக்கம் எழுதப் பென்சில்தான், பேனா கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இனி அந்த மற்ற மூவர். அப்பா பானெட்மேல் இருக்கும் உபரி டயரில் கை ஊன்றி நிற்கிறார். அவருக்கு இடதுபுறம் நிற்பவரின் சட்டைப் பையில் காற்றுப் பார்க்கும் கேஜ் எட்டிப் பார்க்கிறது. கடைசியில் நிற்கும் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார், ஆனால் உயிரோடு இருக்கக்கூடும்.

உங்கள் ஈசூனிலேயே புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. முன்பு கான்பரா ரோட்டுப் பக்கம், நேவல் பேஸ் ஊழியர்கள் எழுப்பிய கோயில் அது. பங்குனி உத்திரத்தன்று படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அன்னதானக் கூடத்தில் பழைய ஆட்களாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இவங்கள்ல யாரையாவது தெரியுதா?" என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் அன்றைக்கு இரவே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்