புரோட்டாவை விட்டும் வயிறு சரியாகவில்லையா? குளூட்டன் கேள்விகளுக்குப் பதில்

போன வாரம், "குளூட்டன், உணவு ஒவ்வாமை பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள்" என்று சொன்னாலும் சொன்னேன், 40 கேள்விக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததை ஒன்றாக்கிவிட்டேன். நான் டாக்டர் இல்லை, உணவு ஆலோசகர். எனக்கே சீலியாக் நோய் உண்டு, அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கிற நோய். 2011இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் ஆறு வருடம் இரும்புச்சத்து மாத்திரையாக விழுங்கியும் ஹீமோகுளோபின் 8ஐத் தாண்டவில்லை. அந்த ஆறு வருடமும் வீட்டில் இரவுச் சாப்பாடு சப்பாத்திதான்.

திருநகரிலிருந்து ஒரு தம்பி: சப்பாத்தி, புரோட்டா சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. மூன்று மாதமாக இரண்டையும் விட்டுவிட்டேன், பரவாயில்லை. இப்போது ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா அக்கா?

இப்போது எடுத்தால் காசுதான் வீண். இதை நான் சொல்லாத நாள் கிடையாது: சோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள்.

சீலியாக் நோயில் கோதுமை, பார்லி, ரை இவற்றில் உள்ள குளூட்டன் உள்ளே போனதும் நம் உடம்பே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளை, அதாவது சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சின்ன நீட்சிகளைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலின் தடயத்தைத்தான் டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கிறது. கோதுமையை விட்டால் அந்தத் தடயம் மெல்ல மறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். அப்புறம் ரத்தத்திலும் தெரியாது, எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத் துணுக்கிலும் தெரியாமல் போகலாம். "ஒன்றுமில்லை" என்று சீட்டு வரும், நோய் இருக்கும்.

உன் டாக்டரிடம் பேசிவிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுப் போ. ரத்தத்தில் உள்ள ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல். சிலருக்கு ஐஜிஏவே உடம்பில் குறைவாக இருக்கும், அவர்களுக்கு டிடிஜி பொய்யாக நெகட்டிவ் காட்டும். ஒன்று மட்டும்: கோதுமை சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் அது கோதுமை அலர்ஜி, வேறு கதை. அதை வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்கவே கூடாது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: நாமெல்லாம் சோறு தின்கிற ஆட்கள். இது வடக்கே உள்ளவர்களுக்கு வருகிற நோய்தானே?

பாதி சரிம்மா. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் ரத்தத்தில் சீலியாக்கின் தடயம் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவர்தான். ஆனால் இந்த நோய் வர இடம்கொடுக்கிற மரபணு வடக்கேயும் தெற்கேயும் மூன்றில் ஒருவருக்கு மேல், ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: நாம் கோதுமை குறைவாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

இப்போது அப்படியா? சர்க்கரை என்றால் இரவு சப்பாத்தி, எடை குறைய சப்பாத்தி, பிள்ளைக்கு நூடுல்ஸ், விருந்தாளி வந்தால் கேசரி, அவசரத்துக்கு ரவா உப்புமா. என் அம்மாச்சி வீட்டில் கோதுமை மாவு தீபாவளி சமயத்தில்தான் தலைகாட்டும்.

விளாங்குடி: ஹோட்டலில் தோசை சாப்பிடலாமா? அரிசி மாவுதானே?

மாவு அரிசிதான், கல்லைப் பாருங்கள். நம் மதுரையில் நிறைய கடைகளில் ஒரே கல்தான். மாலை ஆனதும் மாஸ்டர் மைதா உருண்டையை எண்ணெயில் தட்டி வீசி, அதே கல்லில் நாலு புரோட்டாவைப் போட்டு எடுப்பார். எடுத்த கையோடு கல்லில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உங்கள் தோசையை ஊற்றுவார். விளக்குமாற்றின் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? கருகிய மைதாத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கறிதோசைக்கும் இதே கதைதான்.

நான் செய்வது இது: புரோட்டா கல் சூடேறாத காலை வேளையில் போவேன். இட்லி, வெண்பொங்கல், இடியாப்பம், ஆப்பம், இவைதான். ரவா தோசையில் ரவை, மைதா இரண்டும் உண்டு, கிட்டவே போவதில்லை. விளக்குத்தூண் பக்கம் விற்கும் முள்ளுமுருங்கை வடை அரிசி மாவுதான், ஆனால் அதே எண்ணெயில் சமோசா பொரிக்கிறார்களா என்று ஒரு கண் பார்த்துவிடுவேன். கேட்க வெட்கப்படாதீர்கள். "மைதா ஒத்துக்காதுண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிடும்" என்றால் கடைக்காரர் புரிந்துகொள்வார். "குளூட்டன்" என்றால் திருதிருவென முழிப்பார்.

சாம்பாரில் பெருங்காயம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். இதைத்தான் போன மாதமே சொன்னேன், அதற்குக் கிளம்பியது ஒரு வாக்குவாதம்.

அனுப்பானடியிலிருந்து ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்: ஒரு சிட்டிகை பெருங்காயத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போட்டுவிட்டேன் சார். ஐந்து பேர் சாம்பாருக்கு அரை கிராம் தூள் என்று வைப்போம். அதில் பாதி மைதா என்றால் 250 மில்லிகிராம். மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 25. ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 5 மில்லிகிராம். சீலியாக் உள்ள பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் வரை பாதிப்பு தராது என்று கருதுகிறார்கள்.

அதே ஆசிரியர்: பார்த்தீர்களா, உங்கள் கணக்கே என் பக்கம் நிற்கிறது!

சாம்பாரோடு எழுந்துவிடுகிறவருக்கு நிற்கும். நம் இலையில் அடுத்தது ரசம். அதில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அப்புறம் மோர், ஊறுகாய், அப்பளம். காலையில் இட்லிப் பொடி. இதோடு ஹோட்டல் கல் தூசும் சேரும். இத்தாலியில் 2007இல் வந்த ஆய்வில் தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்ததில் குடலுறிஞ்சிகள் தேய்ந்தன. 10க்கும் 50க்கும் நடுவில் நின்று கயிறு இழுக்க எனக்கு ஆசையில்லை.

இதற்குள் கீழவாசல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "தூளில்தான் கலப்பு, கட்டிப் பெருங்காயம் சுத்தம்" என்று நடுவில் புகுந்தார். இல்லைண்ணே. கட்டியிலும் மாவும் பிசினும் உண்டு. அந்த மாவு மைதாவா அரிசியா என்பதுதான் கேள்வி, டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும். கலக்காதது பால் பெருங்காயம். பிசுபிசுவென்று இருக்கும், விலையும் கடுமை, வாசனையோ டப்பாவை மூடினாலும் பக்கத்து அலமாரி வரை வரும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது.

"பெருங்காயம் இல்லாமல் ரசமா?" என்று இரண்டு பேர், "கொதித்தால் குளூட்டன் போய்விடாதா?" என்று மூன்று பேர். போகாது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் 11 பேர். ஆசிரியர் கடைசியில், "சீலியாக் உறுதியானவர் தவிர்க்கட்டும், மற்றவர்களைப் பயமுறுத்தாதீர்கள்" என்றார். அதில் எனக்கு மறுப்பே இல்லை சார். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

செல்லூர்: கோதுமையை விட்டுவிட்டேன், இப்போது டெஸ்ட் எடுத்தால் தெரியுமா?

முதல் பதில்.

எல்லிஸ் நகர்: டெஸ்ட் எல்லாம் முறையாக எடுத்து நெகட்டிவ். ஒரு வருடமாகக் கோதுமையே இல்லை. இன்னும் உப்புசம், வயிற்றுப்போக்கு.

இதுதான் இன்றைக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. உங்களுக்குக் குற்றவாளி குளூட்டனாக இல்லாமலும் இருக்கலாம். கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் உண்டு. சிறுகுடல் அதைச் செரிக்காது, பெருங்குடலில் போய்ப் புளித்துக் காற்றாகும். நார்வேயில் 2018இல் வந்த ஓர் ஆய்வில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களே விலக்கி வைத்திருந்த 59 பேருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகம் உப்பியது ஃபிரக்டானுக்கு, குளூட்டனுக்கு அல்ல.

அந்த ஃபிரக்டான் வேறு எதில் நிறைய இருக்கிறது தெரியுமா? வெங்காயத்திலும் பூண்டிலும். நீங்கள் புரோட்டாவை விட்டீர்கள், சின்ன வெங்காய சாம்பாரையும் பூண்டுக் குழம்பையும் விட்டீர்களா?

மூன்று வாரம் இரண்டையும் நிறுத்துங்கள். பூண்டு வாசனை வேண்டுமென்றால் நல்லெண்ணெயில் முழுப் பல்லாக வதக்கி, பல்லை எடுத்து எறிந்துவிட்டு எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. வயிறு அடங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்: மூன்று நாள் வெங்காயம், இரண்டு நாள் இடைவெளி, அடுத்து பூண்டு, அடுத்து கோதுமை, அடுத்து பால். பழைய டைரி ஒன்றில் சாப்பிட்டது, நேரம், வயிறு மூன்றையும் எழுதுங்கள். எதையும் ஆயுளுக்கும் விடச் சொல்லவில்லை, உங்கள் அளவு எது என்று தெரிந்தால் போதும். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ டைரியை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கே.கே. நகர்: 200 உணவுக்கு ஒரே ரத்தத்தில் ஒவ்வாமை பார்க்கிறார்களாம், எட்டாயிரம் ரூபாய்...

அது ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனை. நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள் என்று காட்டும், எது ஒத்துக்கொள்ளாது என்று காட்டாது. அந்தச் சீட்டைப் பார்த்துப் பிள்ளைக்கு முட்டை, பால், பருப்பு மூன்றையும் நிறுத்திய ஒரு வீட்டை எனக்குத் தெரியும். எட்டாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பேரையூர்: குதிரைவாலி, கம்பு, கேழ்வரகு சாப்பிடலாமா?

தாராளமாக. உங்கள் பக்கத்திலேயே விளைகிறது. முழுத் தானியமாக வாங்கிப் புடைத்துக் கழுவுங்கள். ஆபத்து மாவு மில்லில் இருக்கிறது. மெஷின் வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாயைத் தட்டிப் பாருங்கள், முந்தின ஆளின் கோதுமை மாவு பொலபொலவென்று கொட்டும். நான் மில்லைத் துறந்து வீட்டு மிக்ஸிக்கு மாறி வருடங்களாகிவிட்டன.

ஒரு வரியில் முடிகிறவை:

ஹார்லிக்ஸ்: கோதுமையும் முளைகட்டிய பார்லியும் உண்டு, கூடாது. சம்பா கோதுமை பழைய ரகமாச்சே என்றால்: பழைய ரகத்திலும் குளூட்டன் உண்டு. ஜிகர்தண்டா: பால், பாதாம் பிசின், நன்னாரியில் கோதுமை இல்லை. ஆனால் புதிதாக சீலியாக் தெரிந்தவருக்குக் குடல் ஆறும் வரை பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சோயா சாஸ்: பெரும்பாலும் கோதுமை சேர்த்தது. அண்ணனுக்கு சீலியாக், எனக்கு அறிகுறி இல்லை: நீங்களும் சோதியுங்கள், கோதுமையை நிறுத்தாமல். எடை குறைய குளூட்டனை விடலாமா: ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடங்கள்.

திருமங்கலம்: விட்டுப் பார்த்துவிட்டு டெஸ்ட்...

முதல் பதில், முதல் பதில், முதல் பதில்.

மேலூர்: அடுத்த மாதம் நாத்தனார் கல்யாணம். பந்தியில் என்ன சாப்பிடுவது அக்கா?

கேசரி ரவை, பாயசம் சேமியா என்றால் இரண்டும் இல்லை. சாம்பார், ரசம் பெருங்காயம் தெரியாமல் வேண்டாம். வடை எண்ணெயில் வேறு என்ன பொரிந்ததோ. நான் முதல் பந்திக்கே உட்கார்ந்துவிடுவேன், கரண்டிகள் இன்னும் கலந்திருக்காது. சோறு, தயிர், வாழைப்பழம் மூன்றையும் வாங்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து வீட்டுப் பருப்புப்பொடி டப்பாவை எடுப்பேன். நெய் மட்டும் பரிமாறுகிறவரிடம் கேட்பேன். போன தையில் பக்கத்து இலை அத்தை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ரெண்டு ஸ்பூன் போடும்மா" என்றார். அதனால் டப்பாவைக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்துப் போ.