ஈ.சி.ஜி. தாளில் 'அப்நோர்மல்' என்று அச்சாகியிருந்தால்

கேள்வி: எனக்கு வயது 58. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் ஆறு வருடங்களாகக் குளிசை பாவிக்கிறேன். கண் சத்திரசிகிச்சைக்காக ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தபோது, தாளின் மேற்பகுதியில் 'அப்நோர்மல் ஈ.சி.ஜி.', 'செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிட்டர்மின்ட்', 'அன்கன்ஃபர்ம்ட்' என்று அச்சாகியிருந்தது. இன்ஃபார்க்ட் என்றால் மாரடைப்பு என்கிறான் மகன். எனக்கு ஒருபோதும் நெஞ்சு நோ வந்ததில்லை. என் வயதைப் பதியாததால் இயந்திரம் தவறியிருக்குமா? மூன்று நாட்களாக நித்திரை இல்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

பதில்: முதலில் அந்த 'ஏஜ்' என்ற சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். அது உங்கள் வயதைக் குறிக்கவில்லை. இதயத் தசையில் மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பு ஒன்று இருக்குமானால் அது எப்போது ஏற்பட்டது என்று சொல்ல முடியவில்லை என்பதே அதன் பொருள். 'அன்கன்ஃபர்ம்ட்' என்பது, வைத்தியர் எவரும் இதை இன்னும் பார்த்து உறுதிப்படுத்தவில்லை என்ற அறிவிப்பு. தாளிலுள்ள சொற்களில் மிகவும் முக்கியமானது அதுதான் என்பேன். ஆனால் நோயாளிகளின் கண்ணில் படுவதோ 'அப்நோர்மல்' மட்டுமே.

இயந்திரம் உங்களைப் பார்ப்பதில்லை; ஏறத்தாழ பத்து விநாடிகள் பதிவான கோடுகளை அளந்து, தன்னிடமுள்ள விதிகளோடு ஒப்பிட்டு ஒரு வாக்கியத்தை அச்சிடுகிறது. நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேரான முதல் இரண்டு பதிவுகளில் மேல்நோக்கி எழ வேண்டிய சிறு அலை எழாவிட்டால், 'செப்டல் இன்ஃபார்க்ட்', அதாவது இதயத்தின் இடைச்சுவரில் மாரடைப்பு, என்று எழுதும்படி அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்த அலை மறைவதற்குப் பழைய மாரடைப்பு ஒரு காரணம். ஆயினும் அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்றும் உண்டு: நெஞ்செலும்பின் இரு பக்கமும் நான்காவது விலா இடைவெளியில் பொருத்த வேண்டிய மின்வாய்களை, அவசரத்திலோ, பெண்களிடம் ஏற்படும் இயல்பான கூச்சத்திலோ, இரண்டாவது அல்லது மூன்றாவது இடைவெளியில் பொருத்திவிடுவது. அவ்வாறு பொருத்தினால் முற்றிலும் ஆரோக்கியமான இதயமும் மாரடைப்புக் கண்ட இதயம்போல் பதிவாகக்கூடும். கை நடுங்கினாலும் கோடுகள் குழம்பும். கைகளின் வயர்கள் இடம் மாறினாலும் தாள் வேறொரு கதையைச் சொல்லும்.

இதைச் சொல்வதால் அந்தத் தாளைக் கிழித்தெறியலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சு நோ இல்லாமலேயே மாரடைப்பு வந்துபோவது உண்டு. ஆகவே உங்கள் விடயத்தில் அந்த வரி பொய் என்றும் நான் இங்கிருந்து முடிவுகட்ட மாட்டேன். நீங்கள் செல்லும் கிளினிக்கில் தாளைக் காட்டி, மின்வாய்களைச் சரியான இடத்தில் பொருத்தி மறுபடியும் ஈ.சி.ஜி. எடுக்கக் கேளுங்கள். பிரஷருக்குச் சிகிச்சை தொடங்கியபோது எடுத்த பழைய தாள் கிளினிக் கொப்பிக்குள் இருந்தால் அதையும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் அன்றும் இதே கோடுகள் இருந்தனவா என்பதே வைத்தியர் முதலில் அறிய விரும்புவது. சந்தேகம் நீடித்தால், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை உதவும்: பெரிய தழும்பு இருக்கும் இடத்தில் இதயச் சுவர் ஒழுங்காகச் சுருங்காததை அதில் காணலாம். அதுவரை எந்தக் குளிசையையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருக்கும் விடயத்தைத் தெரிவியுங்கள்.

இன்னொன்று. ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாவது; நமது ஊர் வெயிலில் நாளடைவில் மங்கிவிடும், லெமினேட் செய்தால் கறுத்துவிடும். இன்றைக்கே ஒரு போட்டோப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு ஈ.சி.ஜி.யில் 'நோர்மல்' என்று வந்தது. ஆனால் சைக்கிளில் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது நெஞ்சை இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்கிறார். பயப்படத் தேவையில்லைதானே?
— ஒரு வாசகி, மூதூர்

பதில்: தேவை உண்டு. அவர் படுத்து ஓய்வாக இருந்த பத்து விநாடிகளில் எடுத்த பதிவு அது. இறுக்கமோ சைக்கிள் மிதிக்கும்போது வருகிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒடுங்கியிருந்தும் ஓய்வு நேர ஈ.சி.ஜி. நோர்மலாக இருக்கலாம். 'நோர்மல்' என்ற வரியைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்தாமல், உழைக்கும்போது இறுக்கி ஓய்வில் தணிகிறது என்ற விவரத்தை இதே சொற்களில் வைத்தியரிடம் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள்ளேயே சொல்லுங்கள். அதுவரை பாரமான வேலையைத் தவிர்க்கட்டும். ஓய்வில் இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்ற பின்னும் தணியாவிட்டாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ, எந்தத் தாளையும் தேடிக்கொண்டிராமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள்.